மட்டை வீசாத அன்ரி

நான் எழுதிய முதலாவது மென்பொருளை விழுத்தியவர் ஐந்தடிக்கும் குறைவான ஓர் அன்ரி. கணினிப் பக்கமே அவர் வரவில்லை. ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம் பேஸ்போல் மைதானத்தில் மட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அன்றைய ஆட்டத்தின் கணக்கை ஏற்றியபோது, என் நிரல் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கப் பார்த்து, முடியாமல், லீக்கின் புள்ளிவிவரப் பக்கம் முழுவதையும் வெள்ளையாக்கிவிட்டுப் படுத்துவிட்டது.

அது கொரோனா வருடம். நான் கணினிப் பொறியியலில் கடைசி ஆண்டு. இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கிரிக்கெட் விளையாடாத வெளி இல்லை. ஆனால் பேஸ்போலுக்குப் போனது அப்பாவின் அவசரத்தால். அந்த ஊர் இத்தாலியர் சிலர் பொழுதுபோக்காக நடத்திய சிறிய லீக் ஒன்றுக்கு ஒரு குழு குறைந்ததாம். "பந்து எறியத் தெரிந்த ஆட்கள் உங்கள் பங்கில் இருக்கிறார்களா?" என்று யாரோ எங்கள் தேவாலயத்தின் பங்குச் சுவாமியைக் கேட்க, சுவாமி அப்பாவைக் கேட்டார். என்ன விளையாட்டு என்று கேட்க முன்னமே அப்பா "ஓம்" என்றுவிட்டார்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். எறிபவர் எறிவார். பந்து, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில், முன்னாலிருக்கும் வெள்ளைத் தளத்துக்கு மேலாக வந்தால் அது நல்ல பந்து. அப்படி மூன்றை அடிக்காமல் விட்டால் அவுட். அதற்கு வெளியே போனால் கெட்ட பந்து. நாலு கெட்ட பந்து வந்தால், மட்டைக்காரர் ஒன்றும் செய்யாமலே முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம். முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களைச் சுற்றி, புறப்பட்ட வெள்ளைத் தளத்தையே மறுபடி மிதித்தால் ஓர் ஓட்டம்.

இந்த விதிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அன்ரி மறந்துவிட்டார். அந்த ஒன்று, "ஒன்றும் செய்யாமலே."

அவர் குழுவுக்கு வந்த விதம் இப்படி. ஒன்பது பேரில் மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது அந்த லீக்கின் விதி. எங்களிடம் இரண்டு பேர்தான். ஒருவர் அம்மா. மற்றவர் ஒரு மொரீஷியஸ்காரி. பேரில் தமிழ் இருந்தது, வாயில் பிரெஞ்சு இருந்தது, நன்றாக ஓடுவார். நான் கணக்கு எழுதுவதால் விளையாட முடியாது. பணக்காரர் வாழும் லிபெர்த்தாப் பக்கத்து வீடுகளில் சமைக்கிற, துடைக்கிற, வயதானவர்களைப் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் வியாழன் பின்னேரம்தான் லீவு. எனவே எங்கள் மைதான நேரமும் வியாழன் பின்னேரம். லீவு நாளில் வீட்டில் இருந்தால் சுவர்தான் பேச்சுத்துணை என்று, அன்ரி ஒரு டப்பா நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து மைதான வாங்கில் குந்தியிருப்பார்.

"தங்கச்சி," என்றார் அப்பா, டப்பாவிலிருந்து இரண்டாவது ரோல்ஸை எடுத்தபடி, "ஒரு ஆள் குறையுது. சும்மா வந்து நில்லுங்கோ."

"எனக்கு உது தெரியாது அண்ணை."

"தெரியத் தேவையில்லை. நிண்டாக் காணும்."

அன்ரி போய் நின்றார்.

அவர் நின்ற விதத்தை நான் சொல்ல வேண்டும். பேஸ்போல்காரர் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். அன்ரி அதன் நுனியை நிலத்தில் ஊன்றி, முழங்கால் இரண்டையும் மடித்து, கிரிக்கெட்காரர் மாதிரிக் குனிந்தார். மன்னாரில் தன் அண்ணன் கடற்கரையில் அப்படித்தான் நிற்பார் என்று பிறகு சொன்னார். ஏற்கெனவே உயரம் குறைந்தவர். இப்போது முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு மீன் டின் அளவு இடம்தான் மிச்சம். அதற்குள் பந்தைப் போட வேண்டியவர், பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவர்.

முதல் பந்து தலைக்கு மேலே. இரண்டாவது அகலத்தில். நாலாவதும் போனபின் நடுவர் முதலாம் தளத்தைக் காட்டினார். அன்ரிக்கு விளங்கவில்லை. வீட்டுவேலை இத்தாலியனில் நடுவரிடமே கேட்டார்: நான் என்ன செய்ய வேண்டும்? மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? எங்கே மிதிக்க வேண்டும்? நடுவர் பொறுமையானவர், ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லாரும் தங்கள் தங்கள் தளத்தைக் காலால் தொட வேண்டும், தொடாவிட்டால் கணக்கில்லை என்று விளக்கினார். அன்ரி நடந்துபோய் முதலாம் தளத்தில் வலக்காலை வைத்து, திரும்பி நடுவரைப் பார்த்தார். நடுவர் தலையாட்டினார். அதன்பிறகுதான் முழு உடம்பையும் அதில் ஏற்றினார். அந்த வருடம் முழுக்க இப்படித்தான்: காலை வைப்பார், நடுவரைப் பார்ப்பார், தலையாட்டினால்தான் ஏறுவார்.

அன்று மூன்று தடவை மட்டை பிடித்தார். மூன்று தடவையும் நடந்தார்.

நடந்து போவது மட்டையடிக் கணக்கில் வராது. அடித்த தடவைகளை, அடிக்க முயன்ற தடவைகளால் வகுத்தால் சராசரி. அன்ரி முயலவே இல்லை. பூச்சியத்தின் கீழ் பூச்சியம். பக்கம் விழுந்தது அதனால்தான். நான் திருத்தி எழுதி, அப்படி வரும் இடத்தில் ஒரு சிறு கோடு போடும்படி செய்தேன். அடுத்த வியாழன் அதை அன்ரிக்குக் கைபேசியில் காட்டினேன்.

"எல்லாருக்கும் இலக்கம் கிடக்கு. எனக்கு மட்டும் ஏன் கோடு?"

"உங்களுக்குச் சராசரி கணிக்கேலாது அன்ரி. கணிதத்திலேயே இடமில்லை."

கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கோடு நல்லாயிருக்கு. உதை விடு," என்றார்.

ஆனால் தளம் ஏறிய விகிதம் என்று இன்னொரு பட்டியல் உண்டு. அடித்தோ, நடந்தோ, எப்படியோ தளம் ஏறினால் சரி. அதில் தவறாமல் ஏறுகிறவருக்கு ஆயிரம் என்று எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் முதலாவது அன்ரி.

வழமையான வருடம் என்றால் இது நடக்காது. மாதக்கணக்காக ஆடுவார்கள். அவ்வளவு தடவை நின்றால் யாராவது ஒருவன் மூன்று நல்ல பந்து போட்டுவிடுவான்; இலக்கங்கள் மெல்ல மெல்ல மனிதரின் அளவுக்கு இறங்கிவந்துவிடும். அந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. ஒரு குழுவுக்கு நாலே நாலு ஆட்டம். இலக்கங்களுக்கு இறங்கிவர நேரம் இருக்கவில்லை. மேலேயே நின்றுவிட்டன. மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு இடையிலேயே பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, இனி எறிவதில்லை என்று முடிவெடுத்தார். ஓட்டங்கள் கொடுத்திருந்தார், ஒருவரையும் அவுட் ஆக்கவில்லை. எனவே ஓட்டங்களை அவுட்டுகளால் வகுக்கிற அவருடைய கணக்கு முடிவிலி. முதலில் கோபப்பட்டவர், பிறகு அந்தக் குறியை ஒரு பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு மாணவன் ஒரே ஆட்டம் ஆடி, ஒரே தடவை நின்று, ஒரே அடி அடித்துவிட்டு, மறுநாள் தூரினுக்குப் படிக்கப் போய்விட்டான். மட்டையடிச் சராசரியில் அவன் ஆயிரம்.

அந்த மாணவனாலும் அன்ரியாலும் பாதிக்கப்பட்டவர் பெப்பே. போர்கோ வெக்கியோவில் மீன் விற்கிறவர். உண்மையில் அந்த லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர். எறிவார், அடிப்பார், ஓடுவார், பாடவும் செய்வார். அடிப் பட்டியலில் ஓடிப்போன மாணவனுக்குக் கீழே இரண்டாவது. தளம் ஏறும் பட்டியலில் அன்ரிக்குக் கீழே இரண்டாவது.

என் கணினியைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது விளையாட்டா, டொட்டோரெஸ்ஸா? அந்த இடத்தில் ஒரு மரத்தை நட்டாலும் இதே கணக்குத்தானே வரும்!"

எனக்கு இன்னும் பட்டம் வரவில்லை. கேலி செய்யும்போது அவர் படிக்கிற பெண்கள் எல்லாரையும் டொட்டோரெஸ்ஸா, பட்டம் பெற்றவளே, என்பார். நான் அதை அன்ரிக்கு மொழிபெயர்த்தேன்.

ரோல்ஸ் டப்பாவை மூடிக்கொண்டே அன்ரி சொன்னார்: "மரத்துக்கு நடந்துபோகத் தெரியுமோ எண்டு கேள்."

கேட்டேன். பெப்பேயின் குழுவே சிரித்தது. பெப்பேயும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

நான் அன்ரியை மைதானத்துக்கு வெளியிலும் கவனிக்கத் தொடங்கியது அதன்பிறகுதான். எல்லா இடத்திலும் ஒரே ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்.

பல்லரோச் சந்தையில் மீன் வாங்கும்போது பேரம் பேசமாட்டார். கேட்ட மீனை விற்பவன் நிறுத்துப் பையில் போட்ட பிறகு, பையைக் கையில் வாங்காமல் நிற்பார். முகத்தில் ஒரு குறையும் இருக்காது. பின்னால் ஆட்கள் நெருக்குவார்கள். விற்பவன் "வேறென்ன, சிஞ்ஞோரா?" என்பான். அவன் ஒரு கைப்பிடி நெத்தலியை அள்ளிப் பைக்குள் போடுவான். அன்ரி பையைப் பார்ப்பார். அவன் கொத்தமல்லி போன்ற அவர்களுடைய கீரையில் ஒரு கொத்தையும் போடுவான். அப்போதுதான் பை கைமாறும். "நான் ஒண்டும் கேக்கேல்லையே," என்று வழியில் எனக்குச் சொல்வார்.

அவர் வேலைக்கு நின்று பார்த்துக்கொண்ட சிஞ்ஞோரா, வயதான வீட்டுக்கார அம்மா, லிபெர்த்தாவில் ஒரு நாலாம் மாடியில் இருந்தார். சக்கர நாற்காலி, முத்துமாலை, கூர்மையான நாக்கு. ஒருநாள் நான் போனபோது மதியச் சாப்பாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. சிஞ்ஞோரா சூப் வேண்டாம் என்றார். அன்ரி கோப்பையோடு பக்கத்தில் நின்றார். சிஞ்ஞோரா ஜன்னலைப் பார்த்தார். அன்ரி நின்றார். சிஞ்ஞோரா அரசாங்கத்தை ஏசினார், மகனை ஏசினார், இலங்கையை ஏசினார். அன்ரி நின்றார். கடைசியில் அந்த அம்மா கரண்டியைப் பறித்து, ஆத்திரத்தோடு முழுச் சூப்பையும் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆறு வருடம்! ஒருநாள்கூட இவள் குரலை உயர்த்தவில்லை. ஒருநாள் உயர்த்துவாள். அதைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன்."

என்னிடமும் ஆடியிருக்கிறார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வெங்காயம், இரண்டு வெங்காயம். மூன்றாவதில் நான் என் வகுப்பில் படிக்கிற ஒருவனைப் பற்றி, வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருவனைப் பற்றி, அவனுடைய தாயின் பேர் உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

"நான் கேக்கேல்லையே பிள்ளை," என்றார் அன்ரி.

"அன்ரி, நீங்கள் ஏன் ஒருக்காலும் முந்திக்கொள்ளுறேல்லை?"

"ஏன் முந்தோணும்? ஆக்களுக்கு அந்தரம், பொறுக்கமாட்டினம். அந்தரப்பட்டாப் பிழை விடுவினம். அதுவரைக்கும் நிண்டாச் சரி."

ஒரே ஓர் இடத்தில்தான் அந்த ஆட்டம் அவருக்குப் பலிக்கவில்லை. மன்னாரில் இருந்த அண்ணன், கடற்கரையில் குனிந்து நின்று விளையாடியவர், அன்ரியின் கலியாணத்துக்கு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. "பிழை விட்டது அவர். அவர்தான் முதல் போன் எடுக்கோணும்," என்பார். கைபேசியில் அண்ணனின் படம் இருந்தது, எண் இருந்தது, அழைப்பு ஒன்றுகூட இருக்கவில்லை. அந்த அன்ரியை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் அந்தரமாக இருக்கும். அவருடைய முழு உத்தியும் எதிரே நிற்பவர் எறிவார் என்பதை நம்பியது. சிலர் பந்தே போடுவதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முதல் கிழமை, லீக் நடத்துகிறவர் ஒரு செய்தி அனுப்பினார். அடுத்த வருடம் மைதானத்துக்கு நேரம் குறைவு. அதனால் பட்டியலில் கடைசியாக வருகிற குழுவை எடுத்துவிட்டு, அவர்களுடைய நேரத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நாங்கள் அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. கடைசி ஆட்டம் பெப்பேயின் குழுவோடு. வென்றால் ஒரு படி மேலே. தோற்றாலும் கடைசி, சமமாக முடிந்தாலும் கடைசி.

அப்பா அதை வாசித்துக் காட்டியபோது ஒருவரும் விளையாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. "அப்ப வியாழக்கிழமை?" என்றார் அம்மா. அதுதான் கேள்வி. வியாழன் பின்னேரம் அவர்கள் பிறத்தியார் வீட்டுச் சமையலறையை விட்டு வெளியே வருகிற நேரம். அன்றைக்குத்தான் பெரிய குரலில் சிரிப்பார்கள், ஒருவரையொருவர் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அப்பா தன்னை ஒரு காலத்துக் கிரிக்கெட் தொடக்க ஆட்டக்காரர் என்று எல்லாரையும் நம்பவைக்கப் பார்ப்பார். வேறு மைதானம் கிடைக்காது.

அந்த வியாழன் ஷிரொக்கோக் காற்று. ஆபிரிக்காவிலிருந்து சூட்டோடு வருகிற மணல் பல்லில் நறநறத்தது. மலை தூசிக்குள் மறைந்துவிட்டது. சிஞ்ஞோராவின் மகன் கடைசி நேரத்தில் வரமுடியாது என்றுவிட்டதால், அன்ரி தன் லீவுக்குச் சிஞ்ஞோராவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடியோடும் விசிறியோடும் எங்கள் வாங்குக்குப் பக்கத்தில், வெள்ளைத் தளத்துக்கு நேரே கொலுவிருந்தார்.

எங்கள் ஆட்களின் கிரிக்கெட்டை உடம்பிலிருந்து கழற்ற முடியாது. அன்றும் ஒருவர் அடித்த மட்டையைக் கையிலேயே கொண்டு ஓடி, முதலாம் தளத்தை அந்த மட்டையால் தொட்டுவிட்டுக் காலை வைக்காமல் நின்றார். கிரிக்கெட்டில் மட்டை தொட்டால் போதும். இங்கே பந்து வந்துசேர முன்னம் கால் பட வேண்டும். அவுட். அப்பா தலையில் கைவைத்து, "காலடா, காலை வையடா!" என்று கத்தினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் எப்படியோ, கடைசிச் சுற்றில் இரண்டு குழுவும் சமமாக நின்றன. எங்கள் முறை. இரண்டு பேர் அவுட்; மூன்றாமவரும் அவுட் என்றால் ஆட்டம் சமமாக முடிந்துவிடும். மூன்று தளத்திலும் எங்கள் ஆள்: முதலாவதில் மொரீஷியஸ்காரி, இரண்டாவதில் அம்மா, மூன்றாவதில் அப்பா. அப்பா அங்கிருந்து வெள்ளைத் தளத்துக்கு வந்தால் வெற்றி. அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் அன்ரி. எறிகிறவர் பெப்பே.

பெப்பேக்கு இந்த ஆட்டத்தால் இழக்க ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு அந்த மரத்தை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு மீன்பெட்டியைச் சுவரோடு வைத்து அதற்குள் எறிந்து பழகியதாக அவரே எங்களிடம் சொல்லியிருந்தார்.

அன்ரி மட்டையை நிலத்தில் ஊன்றிக் குனிந்தார்.

முதல் பந்து நல்ல பந்து. அந்த வருடத்தில் அன்ரிக்கு வந்த மிக அழகான பந்து. அது போவதை அன்ரி மரியாதையோடு பார்த்தார்.

இரண்டாவதும் நல்ல பந்து.

"அன்ரி, அடியுங்கோ!" இது நாங்கள் எல்லாரும்.

"தங்கச்சி, ஒருக்கா வீசுங்கோவன்! கண்ணை மூடிக்கொண்டெண்டாலும் வீசுங்கோ!" இது மூன்றாம் தளத்திலிருந்து அப்பா.

அன்ரி திரும்பாமலே இடக்கையைத் தூக்கி, உள்ளங்கையை அப்பாவுக்குக் காட்டினார். சிஞ்ஞோரா அரசாங்கத்தை ஏசும்போது அவருக்குக் காட்டுகிற அதே கை.

மூன்றாவது பந்து அகலம். நாலாவது உயரம். பெப்பே வியர்வையைத் துடைத்தார். ஐந்தாவது பந்து மயிரிழையில் வெளியே. நடுவர் நிறைய யோசித்துத்தான் கெட்ட பந்து என்றார். இனி ஒரு பந்து. நல்லதென்றால் வியாழக்கிழமை போயிற்று. கெட்டதென்றால் அன்ரி நடப்பார், அம்மாவும் மற்றவர்களும் ஒவ்வொரு தளம் தள்ளிப் போவார்கள், அப்பா வெள்ளைத் தளத்துக்கு வந்து சேருவார்.

அந்த நேரத்தில் சிஞ்ஞோரா விசிறியை மடக்கினார். மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், பெப்பேயைப் பார்த்து, அனுதாபத்தோடு சொன்னார்:

"மகனே, வீணாகக் கஷ்டப்படாதே. இவள் அசையமாட்டாள். நான் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். கடைசியில் நீதான் சூப்பைக் குடிப்பாய்."

பெப்பேக்குச் சூப் விளங்கவில்லை. ஆனால் ஏதோ விளங்கியது. அன்ரியைப் பார்த்தார். அன்ரி அவரைப் பார்த்தார், பல்லரோவில் பையைப் பார்க்கிற பார்வை. பெப்பே சிரித்தார், நிறுத்தினார், எறிந்தார். பந்து வெள்ளைத் தளத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்து, புழுதியைக் கிளப்பி, பின்னால் நின்றவரின் முழங்காலில் முட்டியது.

நாலாவது கெட்ட பந்து.

இப்போது எங்கள் ஆட்கள் செய்ததை உலகத்தில் வேறெந்தப் பேஸ்போல் குழுவும் செய்திருக்காது. கிரிக்கெட்டில் வைட் பந்து போனால் ஓட்டம் தானாகவே ஏறும். யாரும் ஓடத் தேவையில்லை. அந்த ஞாபகம் எல்லார் உடம்பிலும் ஒரே நேரத்தில் எழும்பியது. அம்மா இரண்டாம் தளத்தில் நின்றபடியே கும்பிட்டார். வாங்கில் இருந்தவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அப்பா மூன்றாம் தளத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கியபடி, "வெண்டிட்டம்! வெண்டிட்டம்!" என்று வந்து, வெள்ளைத் தளத்துக்கு இரண்டடி முன்னால் நின்று, எங்கள் வாங்கைப் பார்த்து ஆடத் தொடங்கினார்.

நடுவர் கையைக் கட்டிக்கொண்டு தளத்தைப் பார்த்தபடி நின்றார். அவரே ஒருநாள் விளக்கிய விதி: கால் படாவிட்டால் ஓட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவுட் கொடுக்கலாம்.

நான் எழுதுகோலோடு எழுந்து கத்தினேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பெப்பே அதைக் கண்டுவிட்டார். பின்னால் நின்றவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். கத்தவில்லை, முறையிடவில்லை. தளத்துக்குப் பக்கத்தில் வந்து, முகத்தில் ஒரு குறையும் இல்லாமல், சும்மா நின்றார். அப்பா ஆடிக்கொண்டே தளத்தை மிதிக்காமல் அதன் ஓரமாக வாங்கை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

அன்ரி முதலாம் தளத்தை நோக்கி ஓரடி வைத்திருந்தார், மட்டை இன்னும் கையில். திரும்பினார். பெப்பேயின் நிற்பைப் பார்த்தார். தன்னுடைய வேலையை இன்னொருவர் செய்வதை அவர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டிருக்க வேண்டும். இனிமேல் என்ன நடக்கும் என்று அந்த மைதானத்தில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மட்டை நிலத்திலிருந்து எழும்பியது. பின்னால் போனது. இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது, கை முழுதாக நீண்டது. எந்தப் பயிற்சியாளரும் ஒரு குறை சொல்ல முடியாத வீச்சு. அது அப்பாவின் பின்பக்கத்தில், நட்டநடுவில், ஈரச்சேலையைக் கல்லில் அடித்த சத்தத்தோடு போய் விழுந்தது.

"காலை வையடா அண்ணை! காலை!"

அந்தக் குரல் அவருக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அப்பா துள்ளிய துள்ளலில் இரண்டு காலும் ஒரேயடியாக வெள்ளைத் தளத்தில் போய் இறங்கின. அம்மா விழித்துக்கொண்டு மூன்றாம் தளத்துக்கு ஓடினார். மொரீஷியஸ்காரி இரண்டாவதுக்கு ஓடினார். அன்ரி மட்டையை நிலத்தில் வைத்தார், சட்டையைச் சரிசெய்தார், வழமையான நடையில் முதலாம் தளத்துக்குப் போய் வலக்காலை வைத்து, திரும்பி நடுவரைப் பார்த்தார்.

நடுவருக்குக் கண்ணில் தண்ணீர். சிரித்தபடியே தலையாட்டினார். ஓட்டம் ஏறியது. வியாழக்கிழமை எங்களிடமே இருந்தது.

முதலில் கை தட்டியவர் பெப்பே. "மரம் நடக்கும் என்றார்கள். அடிக்கும் என்று யாரும் சொல்லவில்லையே!" என்றார். சிஞ்ஞோரா விசிறியால் நாற்காலியில் தட்டி, "குரலை உயர்த்திவிட்டாள்! எல்லாரும் கேட்டீர்கள்தானே? நான் வென்றேன்!" என்று, யாரோடு போட்ட பந்தயமோ, அறிவித்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் பக்கத்தில் போய், ஆறுதல் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் செய்ய நினைச்சது," என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றார் அன்ரி, மறுபடி பழைய மெல்லிய குரலில். "ரோல்ஸ் சாப்பிடுங்கோ."

அப்பா நின்றுகொண்டே சாப்பிட்டார்.

திரும்பிவரும்போது நானும் அன்ரியும் சேர்ந்து சிஞ்ஞோராவைத் தள்ளினோம். சிஞ்ஞோரா தூங்கிவிட்டார். காற்று அடங்கியிருந்தது.

"அன்ரி, ஒருக்கா கை வீசிட்டுது. இனி உங்கடை அண்ணனுக்கும் ஒரு போன் எடுத்துப் பாக்கலாமே?"

அவர் ஒரு மூலை திரும்பும்வரை ஒன்றும் சொல்லவில்லை. நான் இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை. நானும் நின்று பார்ப்போம் என்று பேசாமல் தள்ளினேன். இரண்டாவது மூலையில் வாயைத் திறந்தார்.

"போனிலை அடிக்கேலாது பிள்ளை. கைக்கெட்டின தூரத்திலை நிக்கோணும். நிண்டிருந்தா, இண்டைக்கு உன்ரை அப்பருக்கு விழுந்தது எப்பவோ அவருக்கு விழுந்திருக்கும். அடிச்சுப்போட்டுச் சோறு போட்டிருப்பன்."

பிறகு நாற்காலியை என் கையிலிருந்து வாங்கி, தனியாகத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

அடுத்த வருடம் ஆட்டங்கள் முழுசாக நடந்தன. இலக்கங்கள் இறங்கிவந்தன. அன்ரியையும் மூன்று பந்தில் வெளியே அனுப்பப் பலர் பழகிக்கொண்டார்கள். அவர் அதற்கும் மட்டையைத் தூக்கவில்லை, போய் ரோல்ஸ் டப்பாவைத் திறந்தார். சிஞ்ஞோரா காலமான பிறகு அன்ரி இங்கிலாந்தில் இருந்த தன் மகளிடம் போய்விட்டார். நான் எழுதிய பக்கத்தை லீக் இன்னும் பாவிக்கிறது. அந்தக் குறுகிய வருடத்தைத் திறந்தால் மருந்துக்கடைக்காரரின் முடிவிலி அப்படியே இருக்கிறது. ஓடிப்போன மாணவன் இருக்கிறான். அன்ரியின் பேருக்கு நேரே, சராசரி என்ற இடத்தில், அவருக்குப் பிடித்த அந்தக் கோடு இருக்கிறது.

எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியாத ஒரு வரி மட்டும் என்னிடம் மிச்சம். வீச்சு ஒன்று, பட்டது ஒன்று, சராசரி ஆயிரம். அதற்கு அப்பா சாட்சி. தடயத்தை மட்டும் அவர் காட்டமாட்டார்.